லவோதிக்கேயாக் காப்பி

“இருபத்திரண்டு வருசமா எங்கையால காப்பி வாங்கிக் குடிச்சவ, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு என் வீட்டை லவோதிக்கேயான்னு சொல்லிட்டா.”

இதைத்தானே ஐயரம்மா, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் உங்களை நிறுத்தி ஹெப்சிபா சொன்னாள்? ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இரண்டு தூண் தள்ளி நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டி முடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது, இருந்தாலும் மாட்டிக்கொண்டிருந்தேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். நீங்களும் போதகர் ஐயரும் இந்தச் சபைக்கு வந்து மூன்று வாரந்தான் ஆகிறது. இனிமேல் பெண்கள் சங்கத்துக்கு நீங்கள்தான் தலைவி. ஒரு பக்கத்து வழக்கை மட்டும் கேட்டுவிட்டுத் தலைவி தீர்ப்பு எழுதக்கூடாது. அதற்காகத்தான் உங்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் இருந்து நேரே வருகிறது. என் வீட்டில் எதுவானாலும் சூடுதான்.

பைபிளின் கடைசிப் புஸ்தகம், வெளிப்படுத்தின விசேஷம், அதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோர்வை வரும். வருஷா வருஷம் சங்கத்துப் பெண்களுக்கு வேதப் பரீட்சை உண்டு. ஒரு வருஷம் ரூத், ஒரு வருஷம் யோனா என்று நாலு பக்கத்துப் புஸ்தகமாகக் கொடுப்பார்கள், நாங்களும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே படித்துவிடுவோம். இந்த வருஷம் யார் கண் பட்டதோ, வெளிப்படுத்தல். ஏழு தலை மிருகம், பத்துக் கொம்பு, பொம்பளைத் தலைமுடியும் சிங்கப் பல்லுமாக வெட்டுக்கிளி. படித்துவிட்டுக் குழம்பு வைத்தால் உப்புப் போட்டோமா இல்லையா என்று ஞாபகம் இருக்காது.

முன்னிருந்த ஐயர் எங்களைக் கூட்டி உட்காரவைத்துச் சொன்னார். “இதெல்லாம் அடையாளங்கள். பயப்படாதீங்க. ஒவ்வொரு அடையாளத்தையும் நம்ம சபைக்குப் பொருத்திப் பாருங்க, தானா விளங்கும்.” சொன்னது அவர். பொருத்திப் பார்த்தது நான். இப்போது அவர் மாற்றலாகிப் போய்விட்டார், பழி என் தலையில். அவர் மாற்றலுக்கும் நான்தான் காரணம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதையும் உங்கள் காதில் போட்டிருப்பார்கள். மாற்றல் யாருக்குத்தான் வராது.

முதல் மூன்று அதிகாரத்தில் என்ன வருகிறது? ஏழு சபைகளுக்கு ஏழு கடிதம். நம் சபையில் வீட்டு ஜெபத்துக்கு எத்தனை ஏரியா? ஏழு. இதைவிடத் தெளிவாக ஆண்டவர் ஒருத்திக்கு எப்படிச் சொல்லுவார், சொல்லுங்கள். சங்கத்தில் தமிழும் இங்கிலீஷும் பிழையில்லாமல் எழுதுகிறவள் நான் ஒருத்திதான், இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அவர்கள் எழுதுகிற சுற்றறிக்கையைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அதனால் ஏரியாவுக்கு ஒன்றாக ஏழு கடிதம் எழுதி, மாதக்கூட்டத்தில் வாசிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். கொடுத்தார்களா எடுத்துக்கொண்டாயா என்று ஹெப்சி கேட்கிறாள். பொறுப்பு பொறுப்புத்தானே.

அந்த ஏழு கடிதத்துக்கும் அநேகமாக ஒரே அமைப்பு, கவனித்திருக்கிறீர்களா? முதலில் நாலு நல்ல வார்த்தை. பிறகு, ஆனாலும் உன்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் எச்சரிப்பு. எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பெலிசித்தா ரிப்போர்ட் கார்டு எழுதுவதும் அப்படித்தான். ‘கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. ஆனால் வாய் அடங்குவதில்லை. பெற்றோர் நேரில் வந்து பார்க்கவும்.’ ஒன்பதாம் வகுப்பில் மூன்று தடவையும் எனக்கு அதே வாசகம். அதனால் எனக்கு இந்த அமைப்பு தண்ணீர் பட்ட பாடு.

தண்ணித்தொட்டித் தெருவுக்குச் சிமிர்னா. பத்து நாள் உபத்திரவம் என்று வருகிறது அல்லவா, அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான். அவர்கள் கைதட்டினார்கள், ஒருத்தி கடிதத்தை முனிசிபாலிட்டிக்கும் ஒரு நகல் அனுப்பச் சொன்னாள். எபேசு, ஆதியில் இருந்த அன்பை விட்ட சபை, அது குவார்ட்டர்ஸ் ஏரியா. ஆரம்பித்த வருஷம் ஜெபக்கூட்டத்துக்கு உளுந்துவடை வைத்தவர்கள் இப்போது பிஸ்கட்டில் வந்து நிற்கிறார்கள். இதைவிடப் பொருத்தமாக யாரால் பொருத்த முடியும்?

பெர்கமுதான் கொஞ்சம் முனகலை எழுப்பியது. சாத்தானுடைய சிங்காசனம் இருக்கிற இடம் என்று வசனம் சொல்கிறது. ஆசீர் காலனியில் டாக்டர் வீட்டில் ஒரு மசாஜ் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதில் முறைவைத்து உட்காருவதற்காகவே அங்கே கூட்டம் வருகிறது. போன மாசம் முடிவு ஜெபம் சொல்லவேண்டிய அம்மாள் அதில் உட்கார்ந்தபடியே சொன்னாள், “ஆ ஆ ஆண் ட ட வரே” என்று ஆண்டவர் ஆறு துண்டாக வந்தார். நான் இட்டுக்கட்டியா எழுதினேன்?

தியத்தீராவில் யேசபேல் வருகிறாள், கண்ணுக்கு மையிட்டுச் சிங்காரித்துக்கொண்ட அந்த ராணியின் பெயர். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. ‘புருவம் திருத்துகிறவர்கள்’ என்று பொதுவாகத்தான் எழுதினேன். வடக்குத் தெருவில் பியூட்டி பார்லர் ஒன்றே ஒன்று இருப்பது என் குற்றமா? சர்தை, உயிருள்ளவன் என்று பெயர் உண்டு, ஆனால் செத்தவன். பென்ஷன்காரர் தெருவில் ஜெபம் நடக்கும்போது எல்லாரும் தூங்குகிறார்கள், அந்த அர்த்தத்தில் எழுதினேன். எண்பத்துமூன்று வயது சாராள் டீச்சர் முன்வரிசையில் இருந்து கையைத் தூக்கி, “மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பியூலா, வேணும்னா பக்கத்துல வந்து பாரு” என்றார்கள். அடையாளத்தை அடையாளமாகப் பார்க்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய.

ஊதி ஊதிக் குடிக்கிறீர்களே, ரொம்பச் சூடா? வைத்துக் குடியுங்கள், அவசரம் இல்லை.

பிலதெல்பியாவா? அது எங்கள் ஏரியா. ஆமாம், குறையே சொல்லப்படாத சபைதான். மற்றதையெல்லாம் கொடுத்தபிறகு மீதி இருந்தது அது. சரி, மீதி இரண்டு இருந்தது. அதில் பொருத்தம் பார்த்து ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டு மற்றதை ஹெப்சி ஏரியாவுக்குக் கொடுத்தேன்.

ஹெப்சி வீடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த தெரு, அடுத்த ஏரியா. ஆனால் என் வீட்டுப் பின்சுவரும் அவள் வீட்டுப் பின்சுவரும் ஒரே சுவர்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவரில் ஒரு செங்கல்லை உருவினோம். எங்கள் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் எலி தள்ளிவிட்டது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஓட்டை வழியாக ஒரு டம்ளர் காப்பி வரும். மழையானாலும் வரும். அவள் மாமியார் செத்த அன்றைக்கும் வந்தது, சீனி மட்டும் இல்லை, துக்க வீட்டில் எங்கே வைத்தோம் என்று தேட முடியவில்லையாம்.

அந்தக் காப்பியில் ஒரே ஒரு குறை. வெதுவெதுப்பாக இருக்கும்.

நீங்களே சொல்லுங்கள் ஐயரம்மா. லவோதிக்கேயாவுக்கு ஆண்டவர் சொல்வது என்ன? நீ குளிருமில்லை, அனலுமில்லை, வெதுவெதுப்பாய் இருக்கிறாய், உன்னைத் துப்பிப்போடுவேன். அவள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தாலும் முப்பது பேருக்கும் அதே வெதுவெதுப்புத்தான். நான் அந்த வசனத்தைப் படித்தபோது வேறு எந்த வீடு ஞாபகத்துக்கு வரும்? எழுதினேன். ‘உன் கிரியைகளை அறிந்திருக்கிறேன். உன் முறுக்கு மொறுமொறுப்பாயிருக்கிறது. ஆனாலும் உன் காப்பி அனலுமில்லை, குளிருமில்லை.’ வாசித்தேன். சபையே சிரித்தது. அதுவரைக்கும் முகத்தைத் தூக்கிவைத்திருந்த பியூட்டி பார்லர்காரிகூடச் சிரித்தாள். எனக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது, மைக் கையில் இருந்தால் யாருக்குத்தான் வராது. ‘ஆகையால் வாந்தி வருகிறது’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அது காகிதத்தில் இல்லை.

அந்தக் கடிதத்துக்கு இன்னும் பாக்கி இருந்தது. கதவண்டை நின்று தட்டுகிறேன், திறந்தால் உள்ளே வந்து கூடச் சாப்பிடுவேன் என்று முடியுமே, அந்தப் பகுதி. அதற்குள் நேரமாகிவிட்டது என்று மணியை அடித்துவிட்டார்கள். அதுவும் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிற படம்தானே, கையில் விளக்கோடு கதவைத் தட்டுகிற ஆண்டவர். ஹெப்சி வீட்டு ஹாலிலும் மாட்டியிருக்கிறது. அதைப் புதிதாக நான் வாசிக்கவேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

ஹெப்சி எழுந்தாள். அவள் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை, அவள் பேசவேண்டியதையும் இத்தனை வருஷம் நான்தானே பேசினேன். மைக்கும் இல்லாமல் சொன்னாள். “எங்க வீட்ல எல்லாரும் நாக்கு வெந்தாத்தான் காப்பின்னு ஒத்துக்கிடுவாங்க. இவளுக்குக் கடைவாய்ப் பல்லுல கம்பி விட்டுக் குடைஞ்சதுல இருந்து சூடு பட்டா கூசுது. பன்னெண்டு வருசமா ரெண்டு டம்ளர் வச்சு ஆத்தி ஆத்திக் குடுத்தேன். கூட்டத்துல இவளுக்கு மட்டும் தனியாக் குடுத்தா வெக்கப்படுவாளேன்னு எல்லாருக்குமே ஆத்திக் குடுத்தேன்.”

அப்புறம்தான் நான் முதலில் சொன்னேனே, ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சொன்ன அதே வாக்கியத்தை அன்றைக்குச் சபையிலும் சொன்னாள். சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மழை இல்லை, வெயிலும் இல்லை, குடையை விரித்துக்கொண்டு போனாள்.

இதில் என் கேள்வி என்னவென்றால், என் பல் விஷயத்தைச் சபையில் வைத்துச் சொல்லலாமா? அது என் சொந்த விஷயம் இல்லையா? எந்தப் பல் என்றுகூடச் சொல்லிவிட்டாள். இப்போது பென்ஷன்காரர் தெருவில் இருந்தெல்லாம் கிராம்புத் தைலம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அன்றைக்கு என்னை மெச்சினவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். கூட்டம் முடிந்து படி இறங்கும்போது டாக்டர் வீட்டம்மா என் கையைப் பிடித்து, “முதல் அதிகாரத்தில் வாயில் இருந்து இரண்டு பக்கமும் கூர்மையான பட்டயம் புறப்படும் என்று வருதே, அதற்கு இவ்வளவு நாள் அர்த்தம் தெரியல பியூலா, இன்னிக்குத்தான் தெரிஞ்சுது” என்றாள். பட்டயம் புறப்படுவது யார் வாயில் இருந்து? ஆண்டவர் வாயில் இருந்து. ஒருத்தியை யாரோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள் பாருங்கள். வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பேப்பர் ரொம்ப நேரம் குலுங்கியது. பிறகு, “ஏழு கடிதத்தையும் எனக்கே எழுதியிருக்கலாம். நான் பழகினவன்” என்றார்.

நாற்பது நாள் ஆகிவிட்டது. சுவரில் அந்த ஓட்டையில் கற்றாழைத் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டாள். ஏழு முத்திரை போட்டமாதிரி அடைபட்டுக் கிடக்கிறது. எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நாலு மணிக்கு நானே போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் நாக்கு வெந்தது. இரண்டாம் நாள் அந்தப் பல் பிராணனை வாங்கியது. மூன்றாம் நாளில் இருந்து மோர் குடிக்கிறேன். மோர் உடம்புக்கு நல்லதுதானே.

பரீட்சைக்குச் சேர்ந்துதான் படித்தோம், தெரியுமா? சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், ஓட்டை வழியாகக் கேள்வி கேட்டுக்கொள்வோம். அந்த வெட்டுக்கிளி வந்த அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே ஆளை நினைத்தோம். பெயர் சொல்லமாட்டேன், நம் சங்கத்தில்தான் இருக்கிறாள். சிரித்துச் சிரித்து ஹெப்சிக்குப் புரையேறி, நான் சுவரைத் தட்டித் தட்டி, “ஏட்டி, செத்துராத, இன்னும் பதிமூணு அதிகாரம் பாக்கி இருக்கு” என்றேன்.

எட்டாம் அதிகாரம் படிக்கும்போதுதான் கேட்டாள். ஏழாம் முத்திரையை உடைத்ததும் பரலோகத்தில் அரைமணி நேரம்போல அமைதி உண்டாயிற்று என்று வருகிறதே, ஏன் என்று. நான் மூன்று விளக்கவுரை பார்த்துவைத்திருந்தேன். ஒருவர் பயபக்தி என்கிறார், ஒருவர் புயலுக்கு முந்தின அமைதி என்கிறார். சொல்லிக்கொண்டே போனேன். அவள் நிதானமாக, “அதெல்லாம் இல்ல பிள்ள. நீ அப்பதான் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்திருப்ப. உள்ள வரலல்லா, அதான் அமைதி” என்றாள்.

எனக்கு வந்த சிரிப்புக்கு அளவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே சங்கத்தை இரண்டாகப் பிரித்திருப்பேன்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நான் விளக்கவுரையைத்தான் எழுதினேன். கான்வென்ட்டில் படித்தவள் வேறு எதை எழுதுவாள். ஆனால் பேனாவை மூடிவிட்டு அவள் பக்கம் பார்த்தேன். எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்தக் கேள்வியில்தான் இருந்திருக்கவேண்டும், தோள் குலுங்கியது. சிரித்தாளோ என்னவோ. திரும்பவில்லை.

திங்கட்கிழமை பெங்களூருக்கு ரயில் ஏறுகிறாளாம். மருமகளுக்குப் பிரசவம். ஆறு மாசம் அங்கேதான் என்று பால்காரர் சொல்கிறார். அவள் வீட்டு விஷயம் எனக்குப் பால்காரர் சொல்லித் தெரியவேண்டியிருக்கிறது. போகட்டும். எனக்கென்ன. பெங்களூர்க் குளிரில் காப்பி தானாகவே ஆறிவிடும், ஆற்றுகிற வேலை மிச்சம்.

என்ன, காப்பியை முடித்துவிட்டீர்களா? இவ்வளவு நேரம் தொடாமல் வைத்திருந்தீர்களே. நான் பேசிப் பேசி ஆறிப்போயிருக்குமே, சூடு பண்ணித் தரலாம் என்று இப்போதுதான் நினைத்தேன். நன்றாக இருந்ததா? இதுதான் குடிக்கிற பதமா? உபசாரத்துக்குச் சொல்லாதீர்கள். நிஜமாகவா?

டம்ளரை இப்படிக் கொடுங்கள். அடியில் கொஞ்சம் இருக்கிறதே, பார்க்கிறேன்.

ம்.

பல் கூசவில்லை.

சரி, எழுந்திருங்கள். அடுத்து ஹெப்சி வீட்டுக்குத்தானே போகிறீர்கள்? முன்வாசலுக்குத் தெருவைச் சுற்றித்தான் போகவேண்டும், வழி காட்டுகிறேன். வழி காட்டத்தான் வருகிறேன். அந்த முக்கில் ஒரு நாய் வேறு கிடக்கும், புது ஆளைக் கண்டால் குரைக்கும். இருங்கள், அந்த டம்ளரை எடுத்துக்கொள்கிறேன். இது இல்லை, அலமாரியில் இருப்பது. அடியில் பாருங்கள், ‘ஹெ’ என்று வெட்டியிருக்கிறது. கடைசியாக வந்த டம்ளர், என்னிடமே நின்றுவிட்டது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பார்கள். நான் திருப்பிக் கொடுக்கவா போகிறேன்.

பார்த்து வாருங்கள், சாக்கடை மூடி உடைந்திருக்கிறது. இந்தத் தெருவில் இருந்து லவோதிக்கேயா. நாய் உங்களைப் பார்த்து வாலை ஆட்டுகிறதே, அதிசயம்தான். பச்சைக் கதவு. காலிங்பெல் வேலை செய்யாது, மூன்று வருஷமாகச் சரிபண்ணச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளியே கைப்பிடியும் கிடையாது, விழுந்துவிட்டது. உள்ளே இருந்துதான் திறக்கவேண்டும்.

நீங்கள் தள்ளி நில்லுங்கள், நான் தட்டுகிறேன். டம்ளராலே தட்டினால் நன்றாகக் கேட்கும்.

உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, கேட்டீர்களா? நான் தட்டினதும் நின்றுவிட்டது. உள்ளேதான் இருக்கிறாள். கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள், அவள் வளையல் சத்தம் எனக்குத் தெரியும்.

இருக்கட்டும். அரைமணி நேரம்போல என்றுதானே எழுதியிருக்கிறது. அதற்குமேல் பரலோகத்திலேயே தாங்கவில்லை. நிற்கலாம். உங்களுக்கு நேரமானால் அந்தப் படியில் உட்காருங்கள்.

ஏட்டி ஹெப்சி, கதவைத் திற. ஐயரம்மா வந்திருக்காங்க. டம்ளர் கொண்டு வந்திருக்கேன். அரை டம்ளர் குடுத்தாப் போதும். ஆத்தியே குடு, பிள்ள.